சுவரில் மிஞ்சிய மச்சம்

எங்கள் ஊரில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போய் விசாரித்துவிட்டு வருவது வழக்கம்; போன வருஷம் ஆடி மாதம் செண்பகவல்லியை விசாரிக்கப் போன நாங்கள் கொண்டுபோனதைக் கொடுத்ததோடு நில்லாமல், அவரவர் உடம்பிலிருந்த மச்சத்தையும் அந்த வீட்டுச் சுவரில் விட்டுவிட்டு வந்தோம், அவ்வளவுதான் நடந்தது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் கண்ணை அகல விரிக்கிறார்கள். ஆடிக்காற்றில் கூரைத் தகரமும் கொடியில் காய்கிற வேட்டியும் ஊர் விட்டு ஊர் போகிற கரிசல் பூமி இது, கன்னத்திலிருந்து சுவருக்குப் போவது ஒரு மச்சத்துக்கு என்ன பெரிய தூரம் என்று நாங்கள் அப்போதே எடுத்துக்கொண்டோம்.

செண்பகவல்லி எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் எழுத்தர். பிள்ளைகளுக்கு ஆபீஸக்கா, எனக்கு எதிர்வீட்டுக்காரி, மாவு மில் ஆவுடையப்பனுக்கு மனைவி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் எழுதும்போது ஆளுக்கு இரண்டு அங்க அடையாளம் வேண்டும், எங்கள் பக்கத்தில் அங்க அடையாளம் என்றால் மச்சம்தான், ஆகவே கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து ஊர்ப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, காதுக்குப் பின்னால், பிடரியில், முழங்கையில், புறங்கையில் என்று தேடித் தேடி எழுதியவள் அவள்; மச்சமே இல்லாத பிள்ளைக்கு ஒரு தழும்பையாவது கண்டுபிடிக்காமல் விடமாட்டாள். தெருவில் ஓர் ஆள் எதிரே வந்தால் அவளுக்குப் பேர் பிறகுதான் ஞாபகம் வரும், வலது முழங்கையில் ஒன்று, இடது புருவத்துக்கு மேல் ஒன்று என்பதுதான் முதலில் வரும்.

அப்படிப்பட்டவளின் இடது உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று முன்னால், எள்ளளவு ஒரு மச்சம் புதிதாக வந்தது. அதை முதலில் பார்த்தது ஆவுடையப்பனின் அக்கா பேச்சித்தாய். பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிற பேச்சித்தாய்க்கு மச்ச பலன் தலைகீழ்ப் பாடம். மூக்கில் இருந்தால் கோபம், தோளில் இருந்தால் பொறுப்பு, உள்ளங்காலில் இருந்தால் கடல் தாண்டிப் பயணம் என்று அடித்துச் சொல்லிவிட்டாள். அக்கா சொன்னால் தம்பிக்கு வேதவாக்கு. உடனே பெண்டாட்டி பேரில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டான். விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வருவார் என்பதற்காக முன்னறைச் சுவருக்குப் பளீரென்று வெள்ளையடித்தான். பாஸ்போர்ட்டும் வந்து பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் படுத்துக்கொண்டது. மச்சம் அப்படிச் சும்மா படுத்திருக்கவில்லை. எள்ளாக இருந்தது மிளகாகி, மிளகாக இருந்தது புளியங்கொட்டையாகி, ஓரம் நைந்த துணி மாதிரி ஒழுங்கில்லாமல் பரவியது. அது பரவப் பரவ நாங்களும் சந்தோஷமாக நாட்டை மாற்றிக்கொண்டே போனோம்; இலங்கை என்று ஆரம்பித்த பயணம் மலேசியாவாகி, துபாயாகி, கனடா வரைக்கும் போய்விட்டது. செருப்பில் ரத்தம் ஒட்டியிருந்த அன்றைக்குத்தான் அவள் மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே ஒரு டாக்டரம்மா அதில் கொஞ்சம் வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்காரவைத்து, இதற்கு மெலனோமா என்று பேர், தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்லில் வருகிற புற்று என்று பொறுமையாகச் சொன்னாராம். மேலே எவ்வளவு அகலம் என்பதைவிடக் கீழே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான் முக்கியம், சுற்றியிருக்கிற சதையோடு சேர்த்து எடுக்க வேண்டும், தொடை இடுக்கில் நெறிகட்டுகிற இடத்துக்குப் போயிருக்கிறதா என்றும் அப்போது பார்க்க வேண்டும் என்று சொல்லித் தேதி கொடுத்தார்; அது ஆவணி பிறந்து வருகிற முதல் வியாழக்கிழமை. புற்று என்ற சொல்லுக்குப் பிறகு ஆவுடையப்பன் காதில் ஒன்றும் விழவில்லை. செண்பகவல்லிதான் கேள்வி கேட்டாள். இத்தனை வருஷம் இத்தனை மச்சம் பார்த்திருக்கிறேனே, சாதாரண மச்சத்தையும் இதையும் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது என்று கேட்டாள். நடுவில் கோடு கிழித்தால் இரண்டு பாதியும் ஒன்றுபோல இருக்கிறதா, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, ஒரே நிறமா, பென்சில் பின்னாலிருக்கும் ரப்பரைவிடப் பெரிதா, எல்லாவற்றுக்கும் மேலாக, அது மாறிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள் என டாக்டரம்மா விரல் மடக்கிச் சொன்னார்.

ஊருக்குள் சேதி வந்ததும் முதலில் விசாரிக்கப் போனது நான்தான். உலகம்மாளுக்குத் தெரியாமல் இந்தத் தெருவில் பால்கூடப் பொங்காது என்று என்னைச் சொல்வார்கள், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. முன்னறைச் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கிறதா, சாப்பாடு செல்கிறதா என்று கேட்டேன். அவளோ கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து, அதற்கு மேலே பாதத்தைத் தூக்கிப் பிடித்து, அந்த மச்சத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் என் மோவாய் வழுவழுவென்று இருந்தது. பிறந்ததிலிருந்து மோவாயில் இருந்த மச்சத்தைக் காணோம். மறுநாள் போய்ப் பார்த்தேன். நான் உட்கார்ந்த நாற்காலிக்கு மேலே, அந்த வெள்ளைச் சுவரில், என் மச்சம் இருந்தது. நகத்தால் பெயர்க்கப் பார்த்தேன், மேய்கிற ஆடு மாதிரி அது பாட்டுக்கு அரை விரற்கடை நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. இருக்கட்டும் உலகு, பார்க்கணும்போல இருந்தால் வந்து பார்த்துக்கொள் என்றாள் செண்பகவல்லி.

அதன் பிறகு போன எல்லோருக்கும் அப்படியேதான் ஆனது. அன்றைக்குச் சாயங்காலமே பேச்சித்தாய் வந்தாள். பித்தவெடிப்பு என்று சொல்லி அந்த வெயிலிலும் மெரூன் கலர் காலுறை போட்டுத் திரிந்தவள், தம்பி பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதுவிட்டு, தன் பெருமைக்குரிய கன்னத்து மச்சத்தைச் சுவரில் விட்டுவிட்டுப் போனாள். கோயில் பூசாரி வந்து பார்த்து, விசாரிக்க வந்த மனுஷன் அரைமணி நேரத்தில் எழுந்து போய்விடுகிறான், மச்சம் கூடக் கொஞ்சநேரம் இருந்து விசாரிக்கிறது, இதில் தோஷம் எதுவும் இல்லை என்று தீர்ப்புச் சொல்லி, தன் காது மச்சத்தை விட்டுப் போனார். உள்ளங்கை மச்சத்தால்தான் கடை ஓடுகிறது என்று நம்புகிற ஜவுளிக்கடை நவநீதன் ஒரு கூடைப் பழத்தை ஆள் மூலம் அனுப்பிவிட்டு, கையை மூடிக்கொண்டு அந்தத் தெருவையே சுற்றிப் போனார். போலீஸ் வேலைக்கு எடுபட்டிருந்த இசக்கிராஜாவின் அங்க அடையாளத்தைச் சரிபார்க்க வந்த ஏட்டையா, முழங்கையில் மச்சத்தைக் காணாமல் திகைத்து, பிறகு செண்பகவல்லி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து, இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, கிளம்பும்போது தன்னுடையதையும் விட்டுவிட்டுப் போனார். நாக்கில் கறுப்பு உள்ள ராசம்மாள் வாய் திறந்தால் பலித்துவிடும் என்று ஊரே நடுங்கும். அந்த நாக்கு மச்சமும் சுவருக்கு வந்தது, மறுநாளே குழாயடியில் அவளை எதிர்த்துப் பேசினார்கள், ஆனால் யாருக்கு எது நடந்தாலும் தன்மேல் பழி விழாத அந்த ஆடி மாதத்தில்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

சுவர் நிறைந்தது. ஆனால் இத்தனை பேர் மச்சம் இறங்கியும் செண்பகவல்லியின் மச்சம் மட்டும் இறங்கவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்ப்பாள். அது அங்கேயேதான் இருக்கும். பேச்சித்தாய் தினமும் வந்தாள். அவள் நடையில் ஒரு துள்ளல் வந்திருந்தது, காலுறையைக்கூட விட்டுவிட்டு வெறுங்காலோடு திரிந்தாள். பித்தவெடிப்பு ஆறிவிட்டதாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"ஏட்டி செண்பகம், ஊர்ப்பட்ட மச்சமெல்லாம் எறங்குது, ஒன்னோடது எறங்காமலா போயிரும்? விருந்தாளிக எல்லாம் உக்காந்த பெறகுதான வீட்டுக்காரி உக்காருவா. ஆஸ்பத்திரித் தேதியத் தள்ளிப் போடு, தானா எறங்கிரும்" என்றாள் பேச்சித்தாய்.

எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. கத்தி வேண்டாம் என்று யார் சொன்னாலும் நியாயமாகத்தான் படும். வருகிறவர்கள் எல்லோரும் அவள் பாதத்தை எட்டிப் பார்த்து, இன்றைக்குக் கொஞ்சம் அசைந்த மாதிரி இருக்கிறதே என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அப்படிச் சொல்லும்போது அவளுக்கும் நப்பாசையாகத்தான் இருந்தது என்று பிறகு என்னிடம் ஒத்துக்கொண்டாள். யாருக்குத்தான் இருக்காது.

ஆனால் பார்த்துப் பார்த்துப் பழகின கண் சும்மா இருக்குமா. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தவள், நொண்டிக்கொண்டே சுவரோரம் நடந்து ஒவ்வொரு மச்சத்தையும் பார்த்தாள், டாக்டரம்மா சொன்ன ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்தாள், பாதிக்குப் பாதி சரியாக இருக்கிறதா, ஓரம் வட்டமாக இருக்கிறதா, நிறம் ஒன்றுதானா என்று பார்த்தாள். தான் சான்றிதழில் எழுதிய மச்சங்கள் அப்படியே இருந்தன, வயசானவர்களின் மச்சங்களை அவரவரே வந்து இது என்னுடையது என்று பெருமையாகத் தொட்டுக் காட்டியிருந்தார்கள். தெருக்கதவு நிலைக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்த ஒன்றை மட்டும் அவள் எழுதியதும் இல்லை, யாரும் தொட்டுக் காட்டியதும் இல்லை.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஏதோ மச்சம் என்றேன். கைக்கண்ணாடியில் அவள் பாதத்தையும் சுவரில் அதையும் மாற்றி மாற்றிப் பார்க்கச் சொன்னாள். சின்னதுதான், ஆனால் ஒரு பக்கம் கன்னங்கரேல், மறுபக்கம் காப்பிக்கொட்டை நிறம், ஓரம் அதே மாதிரி நைந்து கிடந்தது. வந்த ஒன்றிரண்டு நாளில் இடம் பிடித்துவிட்டால் மச்சங்கள் பிறகு அசைவதில்லை என்று நாங்கள் கண்டிருந்தோம், அதனால் அவள் ஒரு பென்சிலை எடுத்து அதன் ஓரத்தை ஒட்டிக் கோடு போட்டாள், என் மோவாய் மச்சத்தைச் சுற்றியும் ஒரு கோடு போட்டாள், பேனாவால் தன் பாதத்திலும் போட்டுக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தோம். என்னுடையது கோட்டுக்குள் சமர்த்தாக இருந்தது. அவளுடையது ஒரு பக்கம் கோட்டில் ஏறியிருந்தது. நிலைக்குப் பக்கத்தில் இருந்ததும் ஒரு பக்கம் கோட்டைத் தாண்டியிருந்தது.

அவள் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தனக்கு வந்தபோது இது என்ன, எப்படி, எதனால் என்று நோண்டி நோண்டிக் கேட்டவள், இதைப் பார்த்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஊருக்குள்ள யாரோ ஒருத்தருக்கு இருக்கு உலகு. போயிருச்சுன்னு நெனச்சுச் சந்தோசமா திரியுதாங்க" என்றாள்.

வந்தவர்களிடமெல்லாம் அது யாருடையது என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. விசாரிக்க வந்தவர்கள் அந்த நிலைப்பக்கம் உட்காராமல் தள்ளி உட்கார்ந்தார்கள், என்னுடையது இல்லையப்பா என்று கேட்கும் முன்பே சொன்னார்கள். ராசம்மாள் மட்டும், யாருடையதாக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினாள், ஆனால் அவள் வாக்கு பலிக்கும் மச்சம்தான் அப்போது சுவரில் இருந்ததே.

ஆஸ்பத்திரித் தேதிக்கு முந்தின நாள், புதன்கிழமை சாயங்காலம் ஆவுடையப்பன் மில்லைச் சீக்கிரம் மூடிவிட்டு, உடம்பெல்லாம் மாவோடு போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். பக்கத்தில் அவன் அக்கா. அடுத்த மாதம் வருகிறோம் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடப் போகிறான் என்று தெரிந்தது. அவனுக்குக் கல் நெஞ்சு இல்லை, பெண்டாட்டி காலில் கத்தி வைப்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இன்னும் கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தால் என்ன கெட்டுப்போகும் என்று அவன் கேட்டான்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குங்க. எறங்குனா நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்தா இருக்கே, எவ்வளவு நாளாச்சு எறங்கி, எறங்குன பெறகும் வளருதே. எறங்குறதும் தீர்றதும் ஒண்ணில்ல. என்னோடது எறங்குனாலும் நான் நாளைக்குப் போவேன், எறங்காட்டாலும் போவேன்" என்றாள் செண்பகவல்லி.

ஆவுடையப்பன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அழுதான். பேச்சித்தாய் விறுவிறுவென்று வெளியே போனாள். அவளுக்குக் கோபம் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் கோவில்பட்டியிலிருந்து கார் வந்து தெருவில் நின்றது. ஊரே வழியனுப்ப வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முன்னறையில் நெருக்கியடித்து நின்றது. நவநீதன்கூட வந்து கையை மூடாமல் நின்றார். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டியதும், கடைசி மணி அடித்த பள்ளிக்கூடம் மாதிரி சுவர் கலைந்தது. மச்சங்கள் தள்ளுமுள்ளு இல்லாமல் சுவரை விட்டு இறங்கித் தரையில் ஓடி, அவரவர் கால்வழியாக ஏறி, பூசாரியின் காதுக்கும், ஏட்டையாவின் கழுத்துக்கும், இசக்கிராஜாவின் முழங்கைக்கும், பேச்சித்தாயின் கன்னத்துக்கும் போய்ச் சேர்ந்தன. ராசம்மாள் ஒரு பெருமூச்சு விட்டு நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டாள். எனக்கு மோவாயில் ஓர் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் வெள்ளையாகிவிட்டது. நிலைக்குப் பக்கத்தில், கோட்டைத் தாண்டிய அந்த ஒன்று மட்டும் போக இடம் தெரியாமல் அப்படியே இருந்தது.

செண்பகவல்லி முகங்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் வெறுங்காலோடு நின்றோம், அவள் எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டே போனாள். அடுக்களை வாசலில் நின்ற இரண்டு கால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மறைந்துகொள்ளப் பார்த்தன. எனக்கு அப்போதுதான் அந்த மெரூன் காலுறை ஞாபகம் வந்தது.

"மதினி" என்றாள் செண்பகவல்லி.

பேச்சித்தாய் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டாள். "குதிகாலுக்குப் பக்கத்துல. போன தீவாளிக்கு முன்னாடியே வந்துச்சு. மொதல்ல நானும் கடல் தாண்டப் போறேன்னுதான் நெனச்சேன். மதுரையில ஒனக்குப் பேரு சொன்ன அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சு போச்சு. இங்க வந்தேன், போயிருச்சு. ஒன்னோடதும் தானா போயிட்டா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லைன்னு ஆயிரும்லாட்டி. அதுக்குத்தான் தள்ளிப் போடு, தள்ளிப் போடுன்னு சொன்னேன்."

ஆவுடையப்பன், அக்கா என்று ஒரு சத்தம் போட்டான். செண்பகவல்லி அவனைக் கையமர்த்திவிட்டு, நொண்டி நொண்டிப் போய் நாத்தனாரின் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். மச்சம் இருந்த இடத்துக்குக் கீழே, சுவரோடு சேர்த்துக் காலை வைக்கச் சொன்னாள். பேச்சித்தாய் கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது காலை வைத்தாள். அது இறங்கி வந்து, குதிகாலில் பழைய இடம் பார்த்து உட்கார்ந்தது. சுவரில் பென்சில் கோடு மட்டும் காலியாக இருந்தது.

"வாங்க மதினி. கார்ல எடம் இருக்கு."

"எனக்கு அங்க தேதி குடுக்கலையேட்டி."

"போய்க் கேட்டாத்தான குடுப்பாங்க. ஒங்களது சின்னது, மதினி. நான்தான் நாடு நாடா எண்ணிக்கிட்டே பொழுதப் போக்கிட்டேன்."

இரண்டு பேரும் பின்னால் ஏறினார்கள், ஆவுடையப்பன் முன்னால் ஏறினான். கார்க் கண்ணாடியை இறக்கி, பேச்சித்தாய் எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். மச்ச பலன் சொல்லி ஊரையே நம்பவைத்த கெத்து அந்த நிலையிலும் அவளை விட்டுப் போகவில்லை.

"உள்ளங்கால் மச்சம் பயணம் போகவைக்கும்னு நான் சொன்னது பொய்யில்ல. ஊருதான் கொஞ்சம் மாறிப் போச்சு" என்றாள்.

கார் ஓடைப் பாலம் தாண்டி மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம். அதன் பிறகும் யாரும் கலைந்து போகவில்லை. முதலில் யார் ஆரம்பித்தது என்று தெரியாது; பூசாரி, ஏட்டையா, நவநீதன், ராசம்மாள், நான், எல்லோரும் ஒற்றைக்காலில் நின்று, விழாமலிருக்கப் பக்கத்திலிருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கண் சரியாகத் தெரியாதவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள்.